சந்தியில் என் முகம்

நினைவு எழுதுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. எனக்கு இன்னும் ஒரு முடியும் வெளுக்கவில்லை, பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. ஆனாலும் என்னோடு ஒரே வருடம் ஓ.எல். சோதினை எழுதிய தோழிகளே, "அந்தக் காலத்தில்" என்று தொடங்க எங்களுக்கும் ஒரு காலம் சேர்ந்துவிட்டது. அந்த வருடம் எங்கள் கோப்பாய்ச் சந்தியொன்றில் ஒரு பனர் தொங்கியது. நீங்கள் எல்லாரும் அதன் கீழாகத்தான் சைக்கிளில் போய் வந்தீர்கள். பனரை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் பெரியபிள்ளை ஆனது எட்டாம் வகுப்பு முடிவில். அன்று வீட்டோடு தண்ணீர் வார்த்தார்கள், உழுத்தங்களி தந்தார்கள், முட்டைக்குள் நல்லெண்ணெய் விட்டுக் குடிக்கச் சொன்னார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஊரைக் கூட்டிச் செய்கிற சாமத்தியவீடு என்றால் தேங்காய் உடைக்கத் தாய்மாமன் வேண்டும், எங்கள் மாமாவோ கனடாவில். முதல் வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மாமிக்குப் பிள்ளை பிறந்தது. அதற்கடுத்த வருடம், நல்லூர்த் திருவிழாக் கொடியேறுகிற நாட்களில், அவர்கள் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அப்போது நான் பதினோராம் வகுப்பு. இது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. வெளிநாட்டு லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் எங்கள் பிள்ளைகள் பெரியபிள்ளை ஆகிறார்கள்.

மாமா வருகிறார் என்று தெரிந்த நாள் அம்மாவும் நானும் தலைவாசலில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தோம். அந்த வெங்காயத் தாளின் காய்ந்த மணம் இப்போதும் எனக்கு அந்தக் கதையோடுதான் வரும்.

"அம்மா, எனக்கு உது வேண்டாம்."

"எது?"

"சாமத்தியவீடு. டிசம்பரிலை சோதினை. வகுப்பிலை பெடியள் என்னை வைச்சுக் கொல்லுவாங்கள்."

"பெடியளுக்கு ஆர் சொல்லப் போறது? சொந்தக்காரரோடை செய்வம்."

"பனர் ஒண்டும் கட்டக்கூடாது."

"கட்டமாட்டம்."

"சத்தியமா?"

"பிள்ளையாராணை. தாளை முறிக்காமல் கட்டு."

பிள்ளையாராணை என்று அம்மா சும்மா சொல்வதில்லை. நான் நம்பினேன்.

விழா நாளன்று வாடகைக் காரில் மண்டபத்துக்குப் போனோம். தலையில் ஒரு பூந்தோட்டம், கழுத்தில் மாமியின் நகைகள், முகத்தில் என்னுடையதல்லாத ஒரு நிறம். கார் சந்தியில் திரும்பியது. வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் இடையில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாட்டைவிடப் பெரிய முகம். ஒரு கிழமைக்கு முதல் "அல்பத்துக்கு" என்று ஸ்ரூடியோவில் எடுத்த படம். சுற்றிவர மூலைகளில் முத்திரை போல மாமா வீட்டுக்காரர். நடுவில் 'எங்கள் குலவிளக்கின் பூப்புனித நீராட்டு விழா' என்று பொன் எழுத்து.

"அம்மா, பனர்," என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

"மாமா ஆசைப்பட்டவர். ஒரு நாளைக்குத்தானே, நாளைக்குக் கழட்டுவம். இப்ப அழாதை பிள்ளை, மை கரையும்."

மை கரையவில்லை. மண்டபத்தில் அன்னப்பறவை போலச் செய்த வண்டியில் என்னை இருத்தி இழுத்து வந்தார்கள். மாமாவின் ட்ரோன் ஒன்று தலைக்கு மேல் குளவி போல இரைந்துகொண்டு நின்றது. "சிரியுங்கோ தங்கச்சி, பல்லுத் தெரியாமல்," என்று வீடியோக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். பாலர் வகுப்பில் இருந்த என் தங்கைக்கு மட்டும் சொர்க்கம். ட்ரோனுக்குப் பின்னால் ஓடி ஓடிச் சட்டையைக் கிழித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அந்த வீடியோவை இன்று பார்த்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வீர்கள்.

நாளைக்கு என்ற நாள் வரவில்லை. மாமா விமானம் ஏறிவிட்டார். அப்பாவுக்குத் தோட்டத்தில் தண்ணீர் முறை. கயிறு உயரத்தில் இருந்தது. அம்மா கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் கீழ் நிற்பாள் என்று என் வாங்குக்காரி வந்து சொன்னாள். ஆறாம் வகுப்பு முதல் ஒரே வாங்குப் பலகையில் என்னோடு இருந்தவள். "உன்ரை அம்மா சந்தியிலை நிண்டு உன்னையே பாத்துக்கொண்டு நிக்கிறா. வீட்டிலை உன்னைப் பாக்க ஏலாதாமோ?" எனக்கு அது பகிடியாகப் படவில்லை. பார்த்துப் பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களில் சிலரும் சேர்ந்து சிரித்ததுதான். "கட்அவுட் வருது, வழி விடுங்கோடா." ஒரு நாள் பனரில் எனக்கு மீசை முளைத்தது. அதைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டார்கள். இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். விஞ்ஞானம் படிப்பித்த சேர், நல்ல மனிதர், என்னில் பட்சம் உள்ளவர், நான் பிந்தி வந்த ஒரு காலையில் கதவடியில் நிறுத்தி, "வாங்கோ, சந்திக்கு ராணி வந்திட்டா," என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு கதைப்பதை நிறுத்தினேன்.

யோசித்துப் பாருங்கள். மீசை கீறியது பெடியள், பகிடி விட்டது சேர், பனர் அடித்தது மாமா. என் கோபம் ஒருத்தரிடமும் போகாமல் நேரே அம்மாவிடம் போய் நின்றது. மற்றவர்கள் எனக்கு ஒரு சத்தியமும் பண்ணித் தரவில்லை.

அப்பாவோடு கதைத்தேன், தங்கையோடு கதைத்தேன், கொட்டிலில் நின்ற ஆட்டோடுகூடக் கதைத்தேன். அம்மாவுக்கும் எனக்கும் தங்கைதான் தூது.

"தங்கச்சி, எனக்குப் பசியில்லை எண்டு அம்மாட்டைச் சொல்லு."

"அம்மா, அக்காவுக்குப் பசியில்லையாம்."

"பசியில்லாட்டில் ஏனாம் குசினிக்குள்ளை வந்து நிக்கிறா எண்டு கேள்."

"அக்கா, ஏனாம் நிக்கிறாய்?"

தங்கைக்குத் தான் ஒரு பெரிய உத்தியோகத்தில் இருப்பதாக நினைப்பு. அவள் நித்திரையாகிவிட்டால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கோ நித்திரையும் இல்லை. வலைப்பந்துக்குப் போவதை நிறுத்தினேன். புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கம் ஒரு மணித்தியாலம் திறந்தபடி கிடக்கும்.

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. அம்மா, ஊர் முழுக்கப் பார்த்த கண் பட்டுவிட்டது என்றாள். உப்பும் செத்தல் மிளகாயும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. "பாத்தியே, நாவூறுதான். தும்மல்கூட வரேல்லை." ஐயரிடம் கொண்டுபோய்க் கையில் கறுப்பு நூல் கட்டினாள். அப்பா, சோதினைப் பயம் என்றார். காலையில் பச்சை முட்டை அடித்துத் தந்தார். ரியூசன் சேர், கைபேசியைப் பறித்து வைக்கச் சொன்னார். எனக்கு என்ன என்பதற்கு எல்லாரிடமும் விடை இருந்தது. என்னிடம் கேட்டவர் இல்லை.

சந்தியால் போகாமலிருக்கச் சுற்றுப் பாதை ஒன்று பிடித்தேன். கைதடிக்குப் போகிற ரோட்டில் இறங்கி, வயல் முடிந்து கடல்நீர் தொடங்குகிற இடம்வரை போய்த் திரும்பி வருவேன். உங்களுக்கு அந்த இடம் தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரோட்டு, உப்பும் சேறும் கலந்த மணம், ஒற்றைக் காலில் கொக்குகள். முதலில் சுற்றிப் போவதற்காகப் போனேன். பிறகு அங்கே நிற்பதற்காகவே போனேன். ஒரு நாள் அங்கே பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரியூசன் தொடங்கும் நேரம் வந்தது, முடியும் நேரமும் வந்தது. நான் நின்றேன். என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். நான் இல்லாவிட்டால் பனரையாவது கழற்றுவார்களா என்ற அளவில் என் யோசனை இருந்தது. இவ்வளவு போதும்.

பின்னால் ஒரு சைக்கிள் மணி. என் வாங்குக்காரி.

"ஏனடி இஞ்சை நிக்கிறாய்?"

"சும்மா."

"சும்மா நிக்கிற இடமோ இது? கொக்குக்கும் வேலை இருக்கு, மீன் பிடிக்குது. உனக்கென்ன வேலை?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பகிடி ஒன்றும் விடவில்லை. என் சைக்கிளையும் தன் சைக்கிளையும் இரண்டு கையிலும் பிடித்து உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். சைக்கிள் இல்லாமல் நான் எங்கே நிற்பது? பின்னால் போனேன்.

அடுத்த நாள் அவள் போய்ப் பள்ளிக்கூடத்து ஆலோசனை ரீச்சரிடம் சொல்லிவிட்டாள். காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு நாள் முழுக்க அவளோடும் கோபம். வாங்கின் நடுவில் வெண்கட்டியால் கோடு கீறினேன். அவள் கோட்டைத் தாண்டித் தன் சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "கோவத்தோடை தின்னு," என்றாள். இன்று யோசித்தால், அந்தப் பருவத்தில் சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். அவளுக்கும் பதினாறு வயது.

ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஒரு மேசை, மூன்று கதிரை, சுவரில் 'மன்னிப்பதே மாண்பு' என்று வெட்டி ஒட்டிய எழுத்து. நான் அம்மாவோடு கதைப்பதில்லை என்பதை மட்டும் ரீச்சர் பிடித்துக்கொண்டார். ஏன் என்பதை விட்டுவிட்டார்.

"பிள்ளை, பெத்த தாயோடை கதைக்காமல் இருந்தால் மனம் எப்பிடிச் சுகமா இருக்கும்? அம்மாட்டை மன்னிப்புக் கேளுங்கோ. காலைத் தொட்டுக் கும்பிடுங்கோ. எல்லாம் லேசாப் போகும்."

நான் எழுந்தேன், விழுந்தேன். அந்த வயதில் சொன்னால் செய்வோம். சீமெந்து நிலம் குளிர்ந்திருந்தது. என் கண்ணுக்கு நேரே அம்மாவின் கால்கள். கோயிலுக்குப் போடுகிற செருப்பைப் போட்டு வந்திருந்தாள். ஆனால் தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள், குதிகால் வெடிப்புகளுக்குள் செம்மண் அப்படியே இருந்தது. நான் தொடுவதற்கு முன் அந்தக் கால்கள் பின்னுக்குப் போயின. கதிரை கீச்சிட்டது.

"வேண்டாம் ரீச்சர். அவளை எழும்பச் சொல்லுங்கோ."

"ஏன் அம்மா, பிள்ளைதானே."

"பிள்ளைதான். அவள் விழுறதுக்கு என்ன செய்தவள்?"

அம்மா தான் கேட்ட கேள்வியைத் தானே முதல் தடவை காதில் வாங்கியவள் போல இருந்தாள்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். நான் சைக்கிளை உருட்டினேன். வாங்குக்காரி கூப்பிடாமலே கூட வந்தாள். நான் சுற்றுப் பாதைக்குத் திரும்பினேன். அம்மா திரும்பவில்லை. சந்திக்கு நேரே நடந்தாள். வேறு வழியில்லாமல் நாங்களும் போனோம்.

ரியூசன் விடுகிற நேரம். பெடியள் சைக்கிள்களில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு கூட்டமாக நின்றார்கள். அம்மா சைக்கிள் திருத்துகிற கடைக்குள் போய் ஏணி ஒன்றை இழுத்து வந்தாள். வேப்பமரத்தில் சாத்தினாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். எங்கள் அம்மா ஏணி ஏறி நான் அதற்கு முன் கண்டதில்லை.

மீசை கீறியவர்களில் ஒருவன் கிட்ட வந்தான். "அன்ரி, இறங்குங்கோ, நாங்கள் கழட்டுறம்."

"வேண்டாம் தம்பி. கட்ட விட்டது நான். நான் கழட்டுறன்."

நைலோன் கயிறு மழைக்கும் வெயிலுக்கும் இறுகிப்போயிருந்தது. முடிச்சு அவிழவில்லை. அம்மா பல்லால் கடித்து இழுத்தாள். கீழே வாங்குக்காரி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடிக்கவில்லை. சைக்கிள் கைபிடியைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மூலை அவிழ்ந்து என் முகம் பாதியாக மடிந்து தொங்கியது. பெடியள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏணியை மின்கம்பத்துக்கு மாற்றி மற்ற மூலையையும் அவிழ்த்ததும் அது பெரிய சத்தத்தோடு அம்மாவின் தலையில் விழுந்து மூடியது. அதற்கு வாங்குக்காரி மட்டும் சிரித்தாள். அம்மா பனருக்குள்ளிருந்து, "சிரியடி, சிரி," என்றாள். உதட்டில் கயிறு வெட்டி இரத்தம் கசிந்திருந்தது.

அதை அப்பா எறிய விடவில்லை. "தடிச்ச சாமான், மாரிக்கு உதவும்," என்று ஆட்டுக்கொட்டிலின் கிடுகுக் கூரைக்குக் கீழே விரித்துக் கட்டினார். வெள்ளைப் பக்கம் மேலே, என் முகம் கீழே, ஆடுகளைப் பார்த்தபடி. மீசையோடுதான்.

பனர் இறங்கியதும் நான் அம்மாவோடு கதைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கதைக்க முடியவில்லை. மாரி தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம், குட்டி ஈன்ற ஆட்டைக் கொட்டிலுக்குள் கட்டப் போனேன். அம்மா அங்கே ஆடுகள் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். மழை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் வெளியே போக முடியாமல் என் முகத்துக்குக் கீழே நின்றோம். ஆட்டுப் புழுக்கை மணம், ஈரக் குழை மணம், மேலே கிடுகால் ஒழுகிய மழை பனரில் தகரத்தில் விழுவது போல அடித்தது.

அம்மா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேலே பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் சாமத்தியப்பட்டது, சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட பெரிய இடப்பெயர்வு நேரம். கைதடி ரோட்டாலை விடிய விடிய நடந்து போய், சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தனாங்கள். ஒரு வகுப்பறைக்குள்ளை எத்தினை குடும்பம். மூலையிலை ஒரு சேலையைக் கட்டி அதுக்குப் பின்னாலை என்னை இருத்தினவை. 'சத்தம் போடாதை, பக்கத்திலை ஆம்பிளையள்' எண்டு சொன்னவை. கிணத்தடியிலை சனம். ஒரு வாளித் தண்ணிதான் கிடைச்சது. எனக்கு ஒண்டு நடந்தது எண்டு உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாது."

தோழிகளே, இந்த இடத்தில் நான் உருகிப் போய் அம்மாவைக் கட்டிப் பிடித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. எனக்குக் கோபம்தான் வந்தது. நான் நின்று தண்ணீர் பார்த்த அதே ரோட்டால் அம்மாவும் என்னைவிடச் சின்ன வயதில் நடந்திருக்கிறாள் என்பது ஒரு பக்கம் நெஞ்சைப் பிசைந்தது. மற்றப் பக்கம், இத்தனை கிழமைக்குப் பிறகு, என் வாய் தானாகத் திறந்தது.

"உங்களுக்கு, எல்லாருக்கும் தெரியோணும் எண்டு இருந்தது. எனக்கு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டுதானே இருந்தது. நான் சொன்னனான்தானே அம்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதில்லை, உங்களுக்குத் தெரியும். பிழை விட்டால் மீன் பொரித்துத் தருவார்கள். அம்மா கையிலிருந்த குழையைக் கீழே வைத்தாள்.

"ஓம். நீ சொன்னனி. நான்தான் சொல்லுக் கேக்கேல்லை."

சொல்லுக் கேட்காதது என்று எங்களைத்தான் திட்டுவார்கள். அந்த வசையை அம்மா தனக்குத் தானே எடுத்துக்கொண்டு, குற்றம் செய்த பிள்ளை போலக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். மழை விட்டதா என்று பார்ப்பதற்கு நான் தலையை வெளியே நீட்டினேன். விடவில்லை. "நனைஞ்சு போடுவியள், கொஞ்சம் உள்ளுக்கு வாங்கோ," என்றேன். அவள் உள்ளுக்கு வந்தாள். தோள் தொட நின்றோம்.

அன்று எல்லாம் மன்னித்தேன் என்றும் இல்லை. அடுத்த நாளே ஏதோ ஒரு சட்டை விஷயத்தில் பழைய கோபம் முழுதாகத் திரும்பி வந்தது. பிறகு வடிந்தது, பிறகும் வந்தது. அம்மா அதற்கு இடம் விட்டாள். "இன்னுமோ?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. நித்திரை மெல்ல மெல்ல வந்தது. பனர் இரண்டு மாரி தாங்கி, ஆடு நக்கி நக்கி என் ஒரு கன்னம் வெளுத்து, பிறகு கிழிந்து எங்கேயோ போனது. அந்த நாட்களிலிருந்து அம்மாவிடம் ஒரு பழக்கம். கைபேசியில் என் படம் ஒன்றை மாமாவுக்கு அனுப்புவதென்றாலும் என்னிடம் நீட்டி, "உதை அனுப்பட்டே?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால் அழித்துவிடுவாள். ஏன் என்று கேட்க மாட்டாள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் தங்கை. தூது போனவள் இப்போது பெரியபிள்ளை ஆகிவிட்டாள். மாமாவும் இந்த முறை நேரத்துக்கு லீவு எடுத்துவிட்டார். அம்மா அவளைக் கூப்பிட்டு இருத்தினாள். நான் கதவடியில் நின்றேன்.

"பிள்ளை, உனக்கு என்ன மாதிரி வேணும்? வீட்டோடை செய்யிறதோ, ஒண்டும் வேண்டாமோ? நீ சொல்லுறதுதான்."

"எனக்குப் பெரிசா வேணும். அன்னம் வேணும், ட்ரோன் வேணும். சந்தியிலை பனரும் வேணும், அக்காவுக்குக் கட்டின மாதிரி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் எவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்படிச் சேர்ந்து சிரித்தோம் என்று தெரியாது.

போன கிழமை அதே வேப்பமரத்தில் ஏணி சாத்தி நான் ஏறினேன். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தங்கை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, இடக்கைப் பக்கம் பதியுது, உயத்து, என்ரை நெத்தி மறையுது," என்று கத்திக்கொண்டிருந்தாள். ரியூசன் விட்டு வந்த பெடியள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் அவர்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"உண்மையாவே வேணுமே பிள்ளை?" என்று அம்மா அவளை மறுபடி கேட்டாள்.

"எத்தினை தரம் அம்மா கேப்பியள்?"

அம்மா ஏணியை இறுக்கிப் பிடித்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் மேலே பார்த்துச் சொன்னாள்.

"ஆடு கட்டிற முடிச்சாப் போடு. நாளைக்கே வேண்டாமெண்டு சொன்னாலும் இழுத்தவுடனை அவிழோணும்."

அப்படித்தான் கட்டினேன். கயிற்றின் நுனியைத் தங்கையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டுவிட்டு இறங்கினேன்.